சங்குக்கும் ஒரு சங்கம்

தமிழ்ச் சங்கம் அறிவோம். மாதர் சங்கமும் அறிவோம். நத்தைக்கும் சிப்பிக்கும் சங்குக்கும் ஒரு சங்கம் உண்டென்றால் நம்மில் பலர் சிரித்து விடுவோம். ஆனால் அமெரிக்காவில் 1931-ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் அப்படியொரு சங்கம் தோன்றி இன்றளவும் நடந்து வருகிறது. அதுவே அமெரிக்க மெல்லுடலியியல் சங்கம். அச்சங்கத்தின் ஆங்கிலப் பெயரில் உள்ள கிரேக்கச் சொல்லுக்கும் ‘மென்மை’ என்றே பொருள். (ஓடு வெளியே தெரியாத கணவாயும் இந்தக் குடும்பந்தான்!)

நத்தையை ஆராய்ந்து என்ன பயன் என்று கேட்போரும் உளர். நன்னீர் நத்தைகளில் சில இனங்கள் மட்டுமே பில்கார்சியா என்னும் கொடிய நோய்க்குரிய புழுவைச் சுமக்கின்றன. எந்த நத்தை என்று பிரித்தறியத் தெரியாவிட்டால் அந்நோயை எங்ஙனம் தடுப்பது?

இச்சங்கத்தில் பேராசிரியர்களோடு, பொழுதுபோக்காகச் சிப்பி சேகரிப்பவர்களும் ஆரம்ப முதலே இடம்பெற்றனர். இதனால் அறிவியலின் தரம் குறையும் என்று சிலர் நினைக்கலாம். நாங்கள் அவ்வாறு நினைக்கவில்லை. மைரா கீன் அம்மையாரின் வாழ்க்கையே எங்களுக்குச் சான்று.

1905-இல் பிறந்த அவர் பயின்றது உளவியல். 1934-இல் டாக்டர் பட்டமும் பெற்றார். நாடெங்கும் பொருளாதார மந்தம், வேலை கிடைக்கவில்லை. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த சிப்பிகளை இனம் பிரிக்கும் பணியைச் சம்பளமின்றி ஏற்றுக்கொண்டார். “உன் படிப்பு வேறு, இங்கே உனக்கென்ன வேலை?” என்று அன்று கதவை அடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1936-இல் அங்கேயே சேகரிப்புகளின் காப்பாளரானார். 1958-இல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் வெப்பமண்டலக் கடலிலுள்ள சிப்பிகளைப் பற்றிப் பெரிய நூலொன்றை வெளியிட்டார். அத்துறையில் உள்ளோர் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள்.

1948-இலேயே அவர் மேற்கூறிய சங்கத்தின் தலைவியாக விளங்கினார். பல்கலைக்கழகமோ அவரை முழுப் பேராசிரியராக உயர்த்தியது 1965-இல்தான்! ஓய்வு பெற ஐந்தே ஆண்டுகள் இருந்தன. சிப்பி பொறுக்குவோரையும் உடன் அமர்த்திக்கொண்ட சங்கத்துக்குத் தெரிந்த தகுதி, பெரிய பல்கலைக்கழகத்தின் கண்ணுக்குப் பதினேழு ஆண்டுகள் கழித்துத்தான் முழுமையாகத் தெரிந்தது. பெண் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

இப்போது அச்சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் மாணவர்களும் கட்டுரை படிக்கிறார்கள். சிறந்ததற்குப் பரிசும் உண்டு. அவர்களுள் எத்தனை பேர் சிறு வயதில் கடற்கரையில் சிப்பி பொறுக்கி, “குப்பையைக் கொண்டுவராதே” என்று வீட்டில் திட்டு வாங்கியவர்கள் என்று கேட்டுப் பார்க்க எங்களுக்கு ஆசை.