பெரியண்ணன் நம் வீட்டு அண்ணன்தான்

ஓசூரில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தபோது, ஒரு வீட்டுக்காரர் என் சம்பளத்தைக் கேட்கவில்லை, அட்வான்ஸ் பற்றியும் பேசவில்லை. "சொந்த ஊர் எது?" என்றார். சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார். அதையும் சொன்னேன். வீட்டை வேறொருவருக்குப் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார். 'வீடு வாடகைக்கு' அட்டை அடுத்த வாரமும் அந்தக் கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

டிஸ்டோபியா புனைவுகளில் அதிகாரம் மனிதர்களை எப்படிக் கட்டுக்குள் வைக்கிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. 1949இல் வெளிவந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலில், வின்ஸ்டனும் ஜூலியாவும் காதலிப்பதற்காக ஒரு பழைய பொருள் கடையின் மாடியில் அறை எடுக்கிறார்கள். கடைக்காரரே உளவாளி. சுவரில் மாட்டிய படத்துக்குப் பின்னால் கண்காணிப்புத் திரை இருக்கிறது. காதல்தான் அங்கே முதல் குற்றம். இதை எதிர்காலத்துக்கான எச்சரிக்கை என்று கருத்தரங்குகளில் பேசுகிறோம். யாருடைய எதிர்காலம்?

2018இல் ஓசூர் அருகே சூடுகொண்டபள்ளியைச் சேர்ந்த தலித் இளைஞரும் ஆதிக்க சாதிப் பெண்ணும் திருமணம் செய்துகொண்டு ஓசூரில் குடியிருந்தார்கள். நவம்பரில் கடத்தப்பட்டார்கள். இருவரின் உடல்களும் மாநில எல்லைக்கு அப்பால், கர்நாடகாவின் சிவனசமுத்திரம் அருகே காவிரியில் கிடைத்தன. அந்த இளைஞரின் சட்டையில் இருந்த அம்பேத்கர் படமும் 'ஜெய் பீம்' என்ற சொல்லும் ஊர்ப் பெயரும்தான் அவர் யார் என்பதைக் காட்டிக்கொடுத்தன. 2023 ஏப்ரலில் இதே மாவட்டத்தில் ஊத்தங்கரை அருகே, தலித் பெண்ணை மணந்த மகனையும் தன்னைப் பெற்ற தாயையும் ஒருவர் வெட்டிக் கொன்றார். மருமகள் படுகாயங்களுடன் உயிர் தப்பினார்.

ஆர்வெல் காட்டும் அரசுக்குக் குடும்பம் ஓர் இடைஞ்சல். அதனால் பிள்ளைகளையே பெற்றோரை உளவு பார்க்க வைக்கிறது. சாதிக்கு அந்தச் சிரமம் இல்லை. குடும்பமே அதன் காவல்துறை. நாவலில் 'பெரியண்ணன்' ஓர் உருவகம். இங்கே அவர் நிஜமாகவே அண்ணன், அப்பா, சித்தப்பா, தாய்மாமன். பேருந்து நிலையத்தில் யாரோடு நின்றாள் என்பது, அவள் வீடு சேர்வதற்குள் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

மார்கரெட் அட்வுட் 1985இல் எழுதிய 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலில் பெண்ணின் கருப்பை அரசின் உடைமை. வரலாற்றில் எங்கும் நடக்காத எதையும் அதில் சேர்க்கவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். அதற்கு 69 ஆண்டுகளுக்கு முன்பே, 1916இல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் அம்பேத்கர் சாதியின் உயிர்நாடி அகமணம்தான் என்று நிறுவினார். உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் ஆகிய மூன்றும் அகமணத்தைக் காக்கப் பெண் மீது போடப்பட்ட பூட்டுகள் என்று விளக்கினார். டிஸ்டோபியா பற்றிப் படிக்கும் நம் பாடத்திட்டங்களில் இந்தக் கட்டுரையை எத்தனை பேர் சேர்த்திருக்கிறோம்?

தொழிற்சாலைகள் வந்தால் சாதி தானாகக் கரையும் என்று நம்பும் தோழர்கள் உண்டு. லாரி, ஸ்கூட்டர், செல்போன் பாகங்கள் எல்லாம் தயாராகும் ஓசூருக்கு அவர்கள் வர வேண்டும். தொழிற்சாலை ஒன்றும் தரவில்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் கைக்குச் சொந்தச் சம்பளத்தைத் தந்திருக்கிறது. பல ஊர்க்காரர்களை ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறது. அந்தக் காதல்கள் முளைப்பதற்கு இடம் தந்ததும் இந்த நகரம்தான். ஆனால் வேலை முடிந்ததும் அவர்கள் திரும்பிப் போவது, "எந்தப் பக்கம்?" என்று கேட்கும் தெருக்களுக்கு.

2025 நவம்பரில் ஓசூர் அருகே பெண் தொழிலாளர் விடுதியின் குளியலறையில் ரகசியக் கேமரா இருந்தது தெரியவந்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் இரவோடு இரவாகப் போராட்டத்தில் இறங்கினார்கள். கேமராவை எல்லோரும் கண்காணிப்பு என்று அடையாளம் கண்டோம். ஊர்க்காரரின் கண்ணை மட்டும் 'அக்கறை' என்கிறோம். கேமராவைக் கழற்றி வீசிவிடலாம். அக்கறையை என்ன செய்வது?

சட்டம் அதற்குப் பெயர் வைக்க வேண்டும். சாதி மறுப்பு இணையருக்கு மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சிலேயே சொன்னது. சூடுகொண்டபள்ளி இணையர் கொல்லப்பட்டது அதே ஆண்டு நவம்பரில். ஆணவப் படுகொலைகளுக்கு எதிரான தனிச்சட்டம் குறித்துப் பரிந்துரைக்க, ஓய்வு பெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அரிவாள் பிடித்த கையை மட்டும் தண்டிக்கும் சட்டம் போதாது. முகவரியைச் சொன்னவர், வண்டி கொடுத்தவர், ஊர்க்கூட்டம் போட்டு மிரட்டியவர் என எல்லோரையும் அது கூண்டில் ஏற்ற வேண்டும். மிரட்டல் தொடங்கும் நாளிலேயே அது வேலை செய்ய வேண்டும்.

வின்ஸ்டனும் ஜூலியாவும் எடுத்தது போன்ற ஓர் அறையைத்தான் இங்கேயும் இருவர் தேடுகிறார்கள். அவர்களுக்கு வீடு கொடுக்கவும், கேட்பவரிடம் முகவரி சொல்ல மறுக்கவும் நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.