மொழியியலில் டாக்டர் பட்ட ஆய்வும் பிறநாட்டு மாணவர்க்குரிய உபகாரச் சம்பளமும்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

மொழியியலில் டாக்டர் பட்ட ஆய்வுக்கென ஒரு மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் சர்வகலாசாலை, அவர் எந்நாட்டுப் பிரஜையாயினும், அவருடைய கல்விக் கட்டணத்தையும் ஜீவனத்துக்குப் போதிய சம்பளத்தையும் ஆய்வு முடியுங்காறும் ஏற்றல் வேண்டும் என்பதும், அதற்கு வழியில்லாதவிடத்து இடம் அளியாதிருத்தலே நேர்மை என்பதும் எங்கள் சங்கத்தின் தீர்ந்த அபிப்பிராயம்.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவிற் பிறந்த மொழியியலறிஞர் எமனோ, ரோட்ஸ் உபகாரச் சம்பளம் பெற்று ஆக்ஸ்போர்டிற் பயின்று, பின்னர் அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையில் 1931-இல் டாக்டர் பட்டம் எய்தியவர். ஆகவே இரண்டிடத்தும் அவர் அயல்நாட்டு மாணவரே. அவர் 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கிய காலத்தில், நீலகிரியில் சுல்லி என்னும் கோத்தர் கதை கதையாகச் சொல்லச் சொல்ல, ஒலி ஒலியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டவையே பின்னர் 1944 முதல் 1946 வரை கோத்த மொழிப் பனுவல்களாக வெளிவந்தன. எழுத்தில்லாத ஒரு மொழிக்கு அவர் செய்த அவ்வுபகாரம் மறக்கற்பாலதன்று. ஆயினும் சுல்லியைப் போன்ற நுண்ணறிவாளர் சொல்லித் தருபவராக மட்டும் நின்றுவிடாமல், தம் மொழிக்குத் தாமே இலக்கணம் வகுக்கும் ஆசிரியராகவும் விளங்குதற்கு வழி வேண்டாவா என்று கேட்பதே எங்கள் நோக்கம்.

இக்கேள்வி மற்றத் துறைகளைக் காட்டிலும் மொழியியலுக்கு மிக நெருங்கியது. அந்நீலகிரியிலேயே வழங்கும் தோட மொழியில், பயிலாத செவிக்கு ஒரே ரகரமாகத் தோன்றுவது, நாவின் இடம் வேறுபட்டு அதிர்ந்து பிறக்கும் மூன்று தனி ஒலிகளாம். அயலார் பன்னாள் கருவிகொண்டு ஆராய்ந்து தெளியும் அவ்வேற்றுமையைத் தோடர் குழந்தை தாய்மடியிலேயே அறிந்துகொள்கிறது. உலகில் வழங்கும் ஏறத்தாழ 7,000 மொழிகளில் பாப்புவா நியூகினியில் மட்டும் 800-க்கு மேற்பட்டவை உள. அவற்றைப் பேசுவோரின் பிள்ளைகளிடம் அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ ஓராண்டுக் கட்டணம் செலுத்தப் பொருள் இருக்குமென்று எதிர்பார்த்தல் எங்ஙனம்?

ஸ்வீடனில் டாக்டர் பட்ட ஆய்வுக்கு எந்நாட்டாருக்கும் கட்டணமில்லை. நெதர்லாந்தில் ஆய்வு மாணவர் பெரும்பாலும் சம்பளம் பெறும் ஊழியராகவே கருதப்படுகிறார். பிரிட்டனில் யூ.கே.ஆர்.ஐ. என்னும் அரசாங்க ஆராய்ச்சி நிதியமைப்பு 2021 முதல் பிறநாட்டாருக்கும் முழு உதவி அளிக்கத் தொடங்கியதை மனமார வரவேற்கிறோம். எனினும் அவர்கள் சேர்க்கையில் 30 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்ற வரையறை மொழியியலுக்கு நீக்கப்படவேண்டும். அமெரிக்காவில் தேசிய விஞ்ஞான நிறுவனத்தின் பட்டமேற்படிப்புச் சம்பளம் அந்நாட்டுப் பிரஜைகளுக்கும் நிரந்தர வாசிகளுக்குமே உரியதாதலின், அயல்நாட்டு மாணவர் பெரும்பாலும் வகுப்பு நடத்தும் உதவியாசிரியர் பணியையே நம்பி வாழ்கின்றனர். மாணவ விசா பெற்றோர் கல்விப் பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வளாகத்துள் உழைக்கவும் இயலாது. அவ்வுதவியாசிரியர் பணி இடையில் நின்றுவிட்டால் அவர்க்கு வேறு போக்கிடமில்லை.

வரிப்பணம் அந்நியருக்குச் செல்லலாமோ என்று வினவுவோர் உளர். அவ்வுதவியாசிரியர்களே முதலாண்டு மாணவர்க்கு ஒலியியல் பயிற்றுவித்து, விடைத்தாள் திருத்தி, அச்சர்வகலாசாலைகளின் அன்றாடக் காரியங்களைத் தாங்குகின்றனர் என்பதை அவர்கள் கருதிப்பார்க்க வேண்டும். மேலும் ஃபுல்பிரைட் உதவியோடு பென்சில்வேனியா சென்று 1957-இல் பட்டம் பெற்ற பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி உஸ்மானியா சர்வகலாசாலையில் மொழியியல் துறையைத் தோற்றுவித்ததையும், அவ்வாண்டிலேயே இண்டியானாவில் பட்டம் பெற்ற வ. ஐ. சுப்பிரமணியம் பின்னர்த் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானதையும் நினைவூட்டுகிறோம். அவர்கள் திராவிட மொழிகளைப் பற்றி எழுதியவற்றை இன்று அமெரிக்க மாணவரும் பாடமாகப் படிக்கின்றனர்.

ஆகவே சர்வகலாசாலைகளும் நிதியமைப்புகளும் பிரஜாவுரிமை நிபந்தனையை மொழியியல் உபகாரச் சம்பளங்களினின்றும் நீக்குக. விண்ணப்பக் கட்டணத்தை வறிய நாட்டாருக்குத் தள்ளுபடி செய்க. மொழி வழங்கும் ஊருக்குச் சென்று தங்கி ஆராயும் மாதங்களுக்கும் சம்பளம் தடைபடாது அளிக்க. இடம் உண்டு, பணம் இல்லை என்னும் கடிதத்தை இனி எந்த மாணவருக்கும் அனுப்பாதிருக்குமாறு துறைத்தலைவர்களை வேண்டிக்கொள்கிறோம்.