அபராதம் உயர்ந்தது, மார்சிலிங்கில் வேகம் குறையுமா?

2026 ஜனவரி 1 முதல் வேக வரம்பை மீறும் ஓட்டுநர்களுக்கான தண்டனை கூடியுள்ளது. அபராதம் 50 முதல் 150 வெள்ளி வரையும், குற்றப்புள்ளிகள் 2 முதல் 6 வரையும் உயர்ந்துள்ளன. 24 மாதங்களில் 24 புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் இடைநிறுத்தப்படும்.

காரணம் தெளிவு. சாலை விபத்துகளில் 2023ல் 136 பேரும் 2024ல் 142 பேரும் மாண்டனர். 2024ல் பதிவான வேக மீறல்கள் 190,000க்கும் அதிகம். அவ்வாண்டு ஏப்ரல் முதல் சிவப்பு விளக்குக் கேமராக்கள் வேகத்தையும் கண்காணிக்கத் தொடங்கியதால், முன்பு தப்பியவர்களும் சிக்கினர்.

ஆனால், கேமராக்கள் இருப்பது பெரும்பாலும் பெரிய சந்திப்புகளில்தான். மார்சிலிங்வாசிகள் கடப்பது பேட்டைக்குள் இருக்கும் சாலைகளை. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி அருகில் இருப்பதால் அதிகாலையிலேயே மோட்டார்சைக்கிள்கள் அணிவகுக்கின்றன. வேலைக்கு நேரமாகிவிட்டவர் விரைகிறார்; அதே நேரத்தில் பாட்டி சந்தைக்கும் பேரன் பள்ளிக்கும் சாலையைக் கடக்கிறார்கள்.

சற்று மேற்கே சென்றால் கிராஞ்சி, லிம் சூ காங். நியோ தியூ சாலையில் போக ஒரு தடம், வர ஒரு தடம், இருபுறமும் மரங்கள். சாலை காலியாகத் தெரிந்தால் கால் தானாக அழுத்துகிறது. அப்பகுதி விடுதிகளில் தங்கியிருக்கும் நம் ஊழியர்கள் பலர் லாரியின் பின்புறம் அமர்ந்து வேலைக்குப் போகிறார்கள். 2021 ஏப்ரலில் தீவு விரைவுச்சாலையில் லாரி விபத்தில் இரு ஊழியர்கள் இறந்ததை மறக்க முடியாது.

லாரி ஓட்டுநரிடம் மட்டும் அபராதம் வசூலித்தால், ‘சீக்கிரம் போ’ என்று விரட்டும் முதலாளிக்கு உறைக்காது. அதனால்தான் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டவிடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவி முக்கியம். 3,500 கிலோவுக்கு மேல் 12,000 கிலோ வரை எடையுள்ள லாரிகளுக்கு அது கட்டாயமாகிறது.

பேட்டைச் சாலைகளுக்கு வேறு வழி உண்டு. முதியோர் அதிகம் வாழும் இடங்களில் 2014 முதல் அமைக்கப்படும் ‘சில்வர் ஸோன்’களில் சாலை வளைந்து குறுகுகிறது; நடுவில் நின்று கடக்க இடமிருக்கிறது. அங்கு மூத்த பாதசாரிகள் சிக்கும் விபத்துகள் சுமார் 80 விழுக்காடு குறைந்ததாக நிலப் போக்குவரத்து ஆணையம் கூறியுள்ளது.

காவல்துறை எல்லாத் தெருவிலும் நிற்க முடியாது. எந்தத் தெருவில், எந்த நேரத்தில் வண்டிகள் பறக்கின்றன என்பது அங்கு குடியிருப்பவருக்குத்தான் தெரியும். ஆதாரக் காணொளியைக் காவல்துறையின் இணையத்தளத்தில் அனுப்பலாம். சாலை அமைப்பு பற்றி ஒன்சர்வீஸ் செயலியில் தெரிவிக்கலாம். புளோக்கின் கீழ்த்தளத்தில் புலம்புவதோடு நின்றுவிட்டால், சோதனைக்கு எங்கு வந்து நிற்பது என்று அதிகாரிகளுக்கு எப்படித் தெரியும்?