தலையால் பந்து முட்டிய வீரர்களுக்கு மூளை நோய்!
உலகக் கோப்பை வென்ற 11 பேரில் 5 பேருக்கு மறதி

இங்கிலாந்தில் ஜெப் ஆஸ்டில் என்று ஒரு கால்பந்து வீரர் இருந்தார். உயரே வரும் பந்தைத் தலையால் முட்டி கோல் போடுவதில் மன்னன். 1968ல் எப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் வெஸ்ட் புரோம்விச் ஆல்பியன் அணிக்கு வெற்றி கோல் போட்டவர் இவர்தான். (அந்தக் கோல் மட்டும் காலால் அடித்தது!)

ஐம்பது வயசைத் தாண்டியதும் அவருக்கு மறதி வந்தது. முதலில் சின்னச் சின்ன மறதி. பிறகு எல்லாமே போய்விட்டது. தான் கால்பந்து ஆடியவர் என்பதே அவருக்குத் தெரியாமல் போயிற்று என்று குடும்பத்தார் சொன்னார்கள். 2002 ஜனவரியில் மகள் வீட்டில் மூச்சுத் திணறி இறந்தார். வயது 59.

"தொழிலால் வந்த சாவு"

வயசான காலத்தில் மறதி சகஜம்தானே என்று விட்டுவிடவில்லை. மரண விசாரணை நடந்தது. மூளையைச் சோதித்த டாக்டர், "குத்துச்சண்டைக்காரர் மூளை போல அடிபட்டிருக்கிறது" என்ற கருத்தைச் சொன்னார். தொழிலால் வந்த நோயே சாவுக்குக் காரணம் என்று விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். சுரங்கத் தொழிலாளிக்கு நிலக்கரித் தூசி எப்படியோ, இவருக்குப் பந்து அப்படி!

தீர்ப்பு வந்ததும் ஆட்டச் சங்கங்கள் விழித்துக்கொள்ள வேண்டாமா? ஆராய்ச்சி நடத்துகிறோம் என்றார்கள். பத்து வருஷம் ஓடியது. உருப்படியாக ஒன்றும் வரவில்லை. குடும்பத்தார் விடவில்லை. 2014ல் கிளாஸ்கோ நகர டாக்டர் வில்லி ஸ்டூவர்ட் அதே மூளையை மறுபடி பரிசோதித்தார். நோயின் பெயர் அப்போதுதான் தெரிந்தது: சி.டி.இ.

எறும்பு ஊரக் கல்லும் தேயும்

மண்டை ஓட்டுக்குள் மூளை ஒரு நீரில் மிதக்கிறது. தலையில் அடி விழும்போதெல்லாம் அது குலுங்குகிறது. மயக்கம் போட்டு விழவேண்டும் என்பதில்லை. வலிக்காத சின்ன அடியே ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் போதும். 'டௌ' என்ற புரதம் மூளை மடிப்புகளின் ஆழத்தில், சிறு ரத்தக் குழாய்களைச் சுற்றி முடிச்சு முடிச்சாகப் படிகிறது. ஆட்டத்தை விட்டுப் பல வருஷம் கழித்து மறதி, கோபம், மனச்சோர்வு, தடுமாற்றம் எல்லாம் தலைகாட்டும்.

இதற்கு மருந்து கிடையாது. உயிரோடு இருக்கும்போது உறுதி செய்யவும் வழியில்லை. செத்தபின் மூளையை வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் இத்தனை காலம் "பாவம், மூளை கலங்கிவிட்டது" என்று வீட்டோடு முடிந்துபோனது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே மைக் வெப்ஸ்டர் என்ற பிரபல வீரர் 2002 செப்டம்பரில் 50 வயதில் இறந்தார். அவர் மூளையில் இந்த நோயைக் கண்டுபிடித்தவர் நைஜீரியாவில் பிறந்த டாக்டர் பென்னட் ஒமலு. 2005ல் கட்டுரை வெளியிட்டார். ஆட்ட லீக்கின் டாக்டர்கள் என்ன செய்தார்கள்? "கட்டுரையை வாபஸ் வாங்கு" என்றார்கள்! லீக் அதிகாரி ஒருவர் வாய் திறந்து தொடர்பை ஒப்புக்கொண்டது 2016ல்.

கோல்கீப்பர் தப்பினார்

1966ல் உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியைப் பாருங்கள். ரே வில்சன், மார்ட்டின் பீட்டர்ஸ், நாபி ஸ்டைல்ஸ், ஜாக் சார்ல்டன், அவர் தம்பி பாபி சார்ல்டன் ஆகிய 5 பேருக்கும் மறதி நோய். ஐந்து பேருமே இன்று இல்லை. ஸ்டைல்ஸ் 2010ல், குடும்பத்துக்காக, தன் பதக்கங்களை ஏலத்தில் விற்றார். அவர் மூளையிலும் சி.டி.இ. இருந்தது.

இது ஐந்து பேர் விஷயம் மட்டும் அல்ல. ஸ்காட்லாந்தில் 7,676 முன்னாள் வீரர்களின் கணக்கை எடுத்தார்கள். மூளை தேயும் நோயால் சாவது மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு என்று 2019ல் முடிவு வந்தது. 2021ல் இன்னொரு கணக்கு. பந்தை அதிகம் முட்டும் பின்வரிசைக்காரர்களுக்கு நோய் வருவது சுமார் 5 மடங்கு. கையால் பிடிக்கும் கோல்கீப்பருக்கோ மற்ற ஜனங்களைப் போலத்தான்!

"அந்தக் காலத்துத் தோல் பந்து நனைந்தால் கனக்கும், இப்போது அந்தக் கவலை இல்லை" என்பார்கள். நனையாத பந்துதான். ஆனால் எடை அதே 410 முதல் 450 கிராம். வேகமோ அதிகம்.

அமெரிக்காவில் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் தலையால் முட்டக்கூடாது என்று 2015ல் விதி வந்தது. இங்கிலாந்தில் பெரியவர்களுக்குப் பயிற்சியில் வாரம் 10 தடவைக்கு மேல் பலமாக முட்டக்கூடாது என்று 2021ல் வரையறை வைத்தார்கள். எண்ணிக் கணக்குப் பார்ப்பது யார்? அந்தப் பொறுப்பை கிளப்புகளிடமே விட்டுவிட்டார்கள்.