பழைய பொட்டியைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி...

"சிஸ்டம் ரொம்ப ஸ்லோ, புதுசு வாங்கிடலாமா?" ஸ்ரீ விஜயபுரத்துல (2024 செப்டம்பர் வரைக்கும் போர்ட் பிளேர். நம்ம வாயில இன்னமும் அதுதான் வருது) எந்தத் தமிழ்க் குடும்பத்துக்குப் போனாலும் இதே பேச்சுதான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாப்ட் நிறுத்தினதுல இருந்து இன்னும் ஜாஸ்தி. விண்டோஸ் 11 போடலாம்னா டிபிஎம் 2.0 வேணும், இன்டெல்னா பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசசர் வேணும். 2015-ல வாங்கின பொட்டி எவ்வளவு நல்லா ஓடினாலும் உள்ள விடமாட்டாங்க.

உடனே நம்மாளுங்க என்ன பண்றாங்க? தெரிஞ்ச பையனைக் கூப்பிட்டு சில நூறு ரூபாய்க்கு 'கிராக்' போட்டுக்கறாங்க. அந்த கிராக் முதல்ல கேக்கறது என்ன தெரியுமா? "ஆன்ட்டிவைரஸை ஆஃப் பண்ணு." வாட்ச்மேனைத் தூங்க வெச்சுட்டு உள்ள வர்றவன் எதுக்கு வர்றான்னு யோசிக்க வேணாமா? அதே பொட்டியிலதான் ஊருக்குப் பணம் அனுப்பறோம், கப்பல் டிக்கெட் போடறோம், பிள்ளைங்க ஆதார் ஸ்கேனை வெச்சிருக்கோம்.

லினக்ஸ்னு வாயைத் திறந்தா "அதெல்லாம் நமக்கு ஒத்துவராது". இதை மத்தவங்க சொன்னாக்கூட விட்டுடலாம். ஆபீஸ்ல நாள் பூரா லினக்ஸ் சர்வரோட மல்லுக்கட்டற சாப்ட்வேர் மாப்பிள்ளைகளே மாமனார்கிட்ட இதைத்தான் சொல்றாங்க. அதுதான் எரிச்சல்.

நெட் இல்லைங்கற சாக்கு ஒரு காலத்துல நியாயம். சேட்டிலைட்டை நம்பி இருந்தப்ப 3 ஜிபி டவுன்லோடு இங்க கனவு. 2005-லேர்ந்து 2011 வரைக்கும் உபுண்டுக்காரங்க தபால்லயே இலவசமா சிடி அனுப்பினாங்க. 2020 ஆகஸ்ட் 10-ல சென்னையிலேர்ந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடி கேபிள் வந்தாச்சு. இப்பவும் அதே பாட்டா?

பிள்ளைங்களுக்குப் புரியாதாம். கேரளாவுல அரசுப் பள்ளிப் பிள்ளைங்க வருஷக்கணக்கா லினக்ஸ்லதான் கம்ப்யூட்டர் படிக்கறாங்க. தமிழ்நாட்டுல 2011-ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப்லயும் விண்டோஸோட, சென்னை சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸ் இருந்துச்சு. அதைத் திறந்து பார்த்தவங்க எத்தனை பேர்? பயம் பிள்ளைங்களுக்கு இல்லை, நமக்குத்தான் :-)

லினக்ஸ் சர்வரோக நிவாரணின்னு நான் சொல்லலை. டேலி ஓட்டற கடைக்காரர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வெச்சிருக்கற கான்ட்ராக்டர் அவசரப்பட வேணாம். சில பிரிண்டர்கள் உயிரை வாங்கும். உப்புக்காத்துல ரேம் பின் துருப்பிடிச்சிருந்தா எந்த லினக்ஸாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்'னு சத்தம் போட்டா முதல்ல அதை மாத்துங்க. எஸ்எஸ்டி போட்டாலே பாதி வியாதி போயிடும். ஆனா பிரவுசர், யூடியூப், ஸ்கூல் அசைன்மென்ட், அம்மாவோட வீடியோ கால் - ஒரு வீட்டுக்கு இதுக்கு மேல என்ன வேணும்? தமிழ்99 கீபோர்டும் இருக்கு, லிப்ரே ஆபீஸும் இருக்கு.

நம்பிக்கை இல்லையா? ஒரு 8 ஜிபி பென் டிரைவ்ல லினக்ஸ் மின்ட்டை ஏத்தி, அதுல இருந்தே பூட் பண்ணுங்க. 'இன்ஸ்டால்' பட்டனை அமுக்காத வரைக்கும் உங்க விண்டோஸ் அப்படியே இருக்கும். வைஃபை, சவுண்டு, பிரிண்டர் மூணும் வேலை செய்யுதான்னு ஒரு ஞாயித்துக்கிழமை பாருங்க. பிடிச்சிருந்தா, கல்யாண போட்டோவையெல்லாம் வேற டிஸ்க்ல காப்பி எடுத்துட்டு அப்புறமா இன்ஸ்டால் பண்ணுங்க. பிடிக்கலைன்னா பென் டிரைவை உருவிட்டு ரீஸ்டார்ட் பண்ணிடுங்க.