குப்பியில் வந்த வெந்தயம்

வாசனைத் திரவியம் என்றதும் மல்லிகை, ரோஜா, சந்தனம் என்னும் எல்லையைத் தாண்டி நம்மவர் மனம் செல்வது அரிது. பாரிஸ் மாநகரில் வாழும் அன்பர் ஒருவர் சென்ற மாதம் நமக்கு அனுப்பிய சிறு குப்பியோ அவ்வெல்லைக்குள் அடங்காதது. அதன் பெயர் ‘ஸாப்ல்’. பிரெஞ்சு மொழியில் மணல் என்பது பொருள். அனிக் குட்டால் என்னும் பெண்மணி 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிமளம் அது.

அதற்கு உயிர்நாடி இம்மோர்ட்டெல் என்னும் மஞ்சட் பூ. நெப்போலியன் பிறந்த கோர்சிக்காத் தீவில், வெயில் காயும் வறண்ட நிலங்களில் அச்செடி வளர்கிறது. பறித்து உலர்த்தினும் நிறம் மங்காமையால் ‘சாவற்றது’ எனப் பெயர் பெற்றது.

மணிக்கட்டில் ஒரு துளி இட்டோம். முதலில் நாட்டு மருந்துக் கடையின் வாடை: காய்ந்த பச்சிலையும் சிறு கசப்பும். பிடிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். கால் மணி நேரம் செல்ல, கசப்பின் அடியிலிருந்து ஓர் இனிமை எழுந்தது. பனங்கட்டிப் பாகு காய்ச்சும் அடுப்பங்கரை நினைவுக்கு வந்தது. அப்போது உள்ளேயிருந்த பெரியம்மா, “ஆர் பிள்ளை வெந்தயம் வறுக்கிறது?” என்று குரல் கொடுத்தார்!

பெரியம்மாவின் நாசி பொய் சொல்லவில்லை. வெந்தயத்துக்கு அதன் தனி மணத்தை அளிப்பது சோட்டோலோன் என்னும் இரசாயனப் பொருள். சிறிதளவில் அது எரிந்த சீனியைப் போலவும், அளவு மிகுந்தால் கறியைப் போலவும் மணக்கும். இந்தப் பூவின் மணத்துக்கும் அதே இரு முகங்கள் உண்டு.

வெந்தயத்தின் இனிய முகம் ஒரு மாநகரையே மயக்கியதுண்டு. 2005ஆம் ஆண்டு முதல் நியூயோர்க் நகரில் சில நாட்களில் பாகு மணம் காரணமின்றி வீசிற்று. நச்சு வாயுவோ என்று மக்கள் அஞ்சினர். அயலிலுள்ள நியூஜேர்சியில் வெந்தய விதையைப் பக்குவப்படுத்திய ஓர் ஆலையே காரணம் என்று 2009இல்தான் கண்டறிந்தனர்.

குப்பியுடன் வந்த கடிதத்தில் அன்பர் எழுதியிருந்தார்: பாரிஸ் சென்ற புதிதில், கறி வாடை பிடித்துவிடும் என்ற வெட்கத்தால், சமைக்குமுன் தம் மேலங்கியை மாடிப்படியில் தொங்கவிடுவாராம். பல ஆண்டுகளின் பின் கடையொன்றில் இதை முகர்ந்தபோது தாயாரின் குசினி கண்முன் நின்றதாம். இரண்டு நாட் சம்பளத்தைக் கொடுத்து வாங்கினாராம். எதை மறைக்க அத்தனை பாடுபட்டாரோ, அதையே விலை கொடுத்துப் பூசிக்கொண்டார்! அவரை நகைக்க நமக்கு மனம் வரவில்லை.

கொழும்பு வெக்கைக்கு இது ஒரு துளிக்கு மேல் ஆகாது. கலியாண வீட்டுக்கு வேண்டாம். மழை விட்ட மாலைக்கு நன்று.

மாணவ நேயர்கள் குப்பிக்கு ஏங்க வேண்டியதில்லை. ஒரு கரண்டி வெந்தயத்தை மெல்லிய தீயில் பொன்னிறமாக வறுத்து, ஆறியபின் போத்தலில் இட்டு மூடி, மறுநாட் காலை திறந்து முகர்ந்து பாருங்கள். கருகவிட்டால் கசப்பு மட்டுமே மிஞ்சும்.