வெளிநாட்டுச் சமூகப்பணி மாணவர்களை வழிநடத்தும் களப்பணி மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
சாம்பியன் ரீப்ஸ் வட்டாரத்தில் சமூகப்பணி மாணவர்களுக்குக் களப்பயிற்சி தரும் மேற்பார்வையாளர்களின் சங்கம்,
சாம்பியன் ரீப்ஸ், கோலார் தங்கவயல் – 563117

பெறுநர்:
1. மாவட்டத் துணை ஆணையர் அவர்கள், கோலார்
2. பதிவாளர் அவர்கள், பெங்களூரு வடக்குப் பல்கலைக்கழகம்
நகல்: காவல் கண்காணிப்பாளர் அவர்கள், கோலார் தங்கவயல்

இணைப்பு: இம்மனுவின் கன்னட வடிவம்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

நாங்கள் அங்கன்வாடி ஊழியர்கள், ஆஷா பணியாளர்கள், மகளிர் சுயஉதவிக் குழுப் பொறுப்பாளர்கள், முதியோர் பராமரிப்பில் இருப்பவர்கள், சிறு தொண்டு நிறுவனங்களின் ஊழியர்கள். எங்களில் சிலர் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். சமூகப்பணி படிக்கும் மாணவர்கள் களப்பணிக்கு வரும்போது சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளில் அவர்களை லைன் லைனாக அழைத்துச் செல்வதும், வேலை கற்றுத்தருவதும், கடைசியில் மதிப்பீட்டுத் தாளில் கையெழுத்திடுவதும் நாங்களே.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. ஊருக்குச் சோறு போட்ட முக்கியத் தொழில் நின்றுபோனால் அந்த ஊர் என்ன ஆகும் என்று நேரில் காண விரும்புவோருக்கு இங்கே பார்க்க நிறைய இருக்கிறது. விடியுமுன் மாரிகுப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள், சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோயால் மூச்சிரைக்கும் பழைய தொழிலாளர்கள், அவர்களைப் பறிகொடுத்த மனைவியர், காற்றடித்தால் சுரங்கக் கழிவான சயனைடு மேட்டிலிருந்து வீட்டுக்குள் வரும் தூசி. இவற்றைப் படிக்கப் பெங்களூருக் கல்லூரிகளின் மாணவர்கள் வருகிறார்கள். அவர்களோடு அங்கே பயிலும் வெளிநாட்டு மாணவர்களும் பரிமாற்றத் திட்டங்களில் வருவோரும் வருகிறார்கள். அவர்களை மனமார வரவேற்கிறோம். எங்கள் கதை எங்களோடு முடிந்துவிடக் கூடாது என்பது எங்கள் ஆசை.

வெளியூராரும் வெளிநாட்டாரும் கற்றுக்கொள்ள இங்கு வருவது புதிதல்ல. 1965இல் சாம்பியன் ரீப் சுரங்கத்தின் அடியாழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரோடு ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் சேர்ந்து நியூட்ரினோக்களின் தடயத்தைப் பதிவு செய்தார்கள். அந்த இருட்டில் அவர்களுக்கு வழி காட்டியவர்கள் எங்கள் ஊர்த் தொழிலாளிகள். அப்படிப்பட்ட சுரங்கக் குழிக்குள் புதிதாக வருபவரைப் பயிற்சியில்லாமல் வேலைக்கு விடக் கூடாது என்று 1966ஆம் ஆண்டின் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகள் கூறுகின்றன. கற்றுத்தருபவருக்கும் தகுதி கேட்கின்றன. நோயும் சாவும் கடனும் உள்ள வீட்டுக்குள் இருபத்திரண்டு வயதுப் பிள்ளையை அழைத்துப் போகும் எங்களுக்கு ஒருநாள் பயிற்சிகூட இதுவரை யாரும் தந்ததில்லை.

நடப்பது இதுதான். ஒரு கடிதம் வரும். இன்ன நாட்டு மாணவி, இத்தனை வாரம், ஒத்துழைப்புத் தரவும் என்றிருக்கும். அந்தப் பிள்ளை எதற்காக வருகிறாள், எவ்வளவு படித்திருக்கிறாள், அவளிடம் எதை எதிர்பார்க்க வேண்டும் என்று ஒரு வரி இருக்காது. முடியும் நேரத்தில் ஆங்கிலத்தில் ஒரு படிவம் வரும். அதிலுள்ள கேள்விகளைப் பிறரிடம் கேட்டுப் புரிந்துகொண்டு, பிள்ளை வருத்தப்படக் கூடாதென்று எல்லாவற்றுக்கும் நல்ல மதிப்பெண் போட்டுக் கையெழுத்திடுகிறோம். தவறு செய்த மாணவருக்கு அதை எப்படிச் சொல்வது, எப்போது கல்லூரிக்குத் தெரிவிப்பது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இதனால் மாணவருக்கும் நியாயம் கிடைப்பதில்லை, நாளை அவர் பணி செய்யப்போகும் மக்களுக்கும் கிடைப்பதில்லை.

மொழிபெயர்ப்பு பற்றி அதிகாரிகள் தனியே கவனிக்க வேண்டுகிறோம். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் கன்னடம், பக்கத்து வீட்டில் தெலுங்கு என்பது எங்கள் ஊர் வழக்கம். வெளிநாட்டு மாணவருக்கு இவற்றில் எதுவும் தெரியாது. ஆகவே மேற்பார்வையாளரே மொழிபெயர்ப்பாளராகிறார். பேச்சை மாற்றிச் சொல்வதிலேயே கவனம் போய்விடுவதால், மாணவர் எப்படிக் கேட்கிறார், எங்கே அவசரப்படுகிறார், எந்தக் கேள்வியால் எதிரிலிருப்பவர் முகம் வாடியது என்று பார்க்க முடிவதில்லை. மேற்பார்வையாளருக்கு ஆங்கிலம் வராவிட்டால் அந்த வீட்டுப் பள்ளிப்பிள்ளையே மொழிபெயர்க்கிறது. தன் தகப்பனின் நோயையும் தாயின் கடனையும் ஒரு குழந்தை வாயால் அந்நியருக்குச் சொல்ல வைப்பது கொடுமை. இது உடனே நிறுத்தப்பட வேண்டும்.

மாணவர்களின் பாடும் எங்களுக்குத் தெரியும். சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல், வீட்டு நினைப்பில் இரவெல்லாம் அழுதவர்களைப் பார்த்திருக்கிறோம். நேற்றுப் பேசிய தாத்தா இன்று இறந்துபோனார் என்று கேட்டு உறைந்து நின்றவர்களும் உண்டு. ஆப்பிரிக்க நாட்டுப் பிள்ளைகள் தெருவில் தங்கள் நிறத்தைப் பற்றிக் கேட்க நேரும் சொற்கள் எங்களுக்குத் தலைகுனிவு. சாதியைப் பற்றி அவர்கள் கேட்கும்போது, அதை அனுபவித்தவர்களாகிய நாங்கள் எந்த அளவுக்கு, எப்படிச் சொல்வது என்று தடுமாறுகிறோம். அன்பு எங்களிடம் குறைவில்லை. இவற்றைக் கையாளும் முறையைத்தான் கற்க விரும்புகிறோம்.

இவற்றோடு நாங்கள் அறிய வேண்டிய சட்டங்களும் இருக்கின்றன. வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இங்கு பல வீட்டாருக்குத் தெரியாது. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்கிறது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. ஆனால் குழந்தைகளின் படங்கள் கைப்பேசியில் எடுக்கப்பட்டுச் சமூக ஊடகங்களுக்குப் போகின்றன. ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால், கேட்டவர் யாரானாலும் போக்சோ சட்டப்படி தெரிவித்தாக வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான ஊழியர் உள்ள எங்களைப் போன்ற இடங்களில் மாணவிக்குப் பாலியல் தொல்லை நேர்ந்தால் புகார் செல்ல வேண்டிய இடம் மாவட்ட உள்ளூர்க் குழு. இதையெல்லாம் நாங்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டாமா?

இங்கிலாந்தில் களப்பயிற்சி தருவோருக்கென 2012 முதல் தனித் தொழில்தரங்கள் உள்ளன. சமூகப்பணிக் கல்விக்கான உலகத் தரங்கள் 2020இல் திருத்தப்பட்டபோது, மேற்பார்வையாளருக்கு அறிமுகப் பயிற்சியும் தொடர்ந்த துணையும் தருவது கல்வி நிறுவனத்தின் பொறுப்பு என்று சொல்லப்பட்டது. எங்கள் பிள்ளைகள் சமூகப்பணி படிக்க இங்கிலாந்து போனால் அங்கே பயிற்சி பெற்ற ஒருவர் கையில்தான் ஒப்படைக்கப்படுவார்கள். இங்கு வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் அதே பாதுகாப்பைத் தர நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆகவே எங்கள் கோரிக்கைகளைப் பணிவுடன் முன்வைக்கிறோம். ஒவ்வொரு கல்வியாண்டும் தொடங்குமுன் மேற்பார்வையாளர்களுக்கு, கோலாரிலோ பெங்களூரிலோ அல்லாமல் தங்கவயலிலேயே, தமிழிலும் கன்னடத்திலும் சான்றிதழுடன் கூடிய பயிற்சி நடத்த வேண்டும். அன்றைய கூலியை இழந்து எங்களால் வர இயலாது என்பதால் பயிற்சி நாட்களுக்கு ஈட்டுத்தொகை தேவை. மாணவரின் களப்பணிக் குறிப்பைப் படித்து வாரம் ஒருமுறை அவரோடு உட்கார்ந்து பேசும் முறை, மதிப்பிடும் முறை, மனச்சோர்வை அடையாளம் காணும் முறை ஆகியவை அதில் கட்டாயம் இடம்பெற வேண்டும். மதிப்பீட்டுப் படிவம் எங்கள் மொழியில் வேண்டும்.

வேலையின்றி இருக்கும் எங்கள் ஊர்ப் பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்து, பிறர் வீட்டு ரகசியம் காக்கப் பயிற்சி தந்து, ஊதியத்துடன் மொழிபெயர்ப்பாளராக நியமிக்கும்படி மாணவரை அனுப்பும் கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழகம் உத்தரவிட வேண்டும். மேற்பார்வையாளருக்கு மதிப்பூதியமும் நெருக்கடியில் அழைக்க ஒரு பொறுப்பாசிரியரின் தொலைபேசி எண்ணும் எழுத்துமூலமான ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். சில நாள் மட்டும் வந்து படமெடுத்துப் போவதைக் களப்பணி என்று ஏற்கக் கூடாது. எங்கள் மக்களைப் பற்றி எழுதப்படும் அறிக்கையின் சுருக்கம் தமிழிலோ கன்னடத்திலோ அந்த லைன் மக்களிடம் திரும்பி வர வேண்டும். வாழ்க்கையைத் திறந்து காட்டியவர்களுக்கு அது உரிமை. வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்க உதவ ஒரு காவலரைத் தொடர்பு அலுவலராக அறிவிக்கும்படி காவல் கண்காணிப்பாளர் அவர்களை வேண்டுகிறோம்.

இவை குறித்துப் பேச, பல்கலைக்கழகம், மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறை, காவல்துறை, எங்கள் சங்கம் ஆகிய நான்கு தரப்பையும் அழைத்து மாவட்டத் துணை ஆணையர் அவர்கள் ஒரு கூட்டம் நடத்தித் தர வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் எங்கள் உறுப்பினர் அனைவரும் வர முடியும்.

இப்படிக்கு,
சங்கத்தின் தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்
சாம்பியன் ரீப்ஸ்